கட்டடம் கைமாறினால் வாடகை மாறாது

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 59, கணவருக்கு 66. எழுபதுகளில் கட்டிய ஒரு தொடர்மாடியில், இரண்டு அறை வீடொன்றில், 2008இலிருந்து இருக்கிறார்கள். பிள்ளைகள் மூவரும் அங்கேதான் வளர்ந்தார்கள். இப்போதைய வாடகை 1,400 டொலர். அது கடைசியாகக் கூடியது 2025 யூலை 1இல். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவருக்குப் பகுதிநேர வேலை. கணவர் முதுகு நோவால் வேலையை விட்டுப் பென்சனில் இருக்கிறார். சென்ற வருடக் கடைசியில் கட்டடம் விலைப்பட்டுப் புது நிறுவனம் வந்தது. இந்த மார்ச் 1ஆம் திகதி கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. ‘சந்தை நிலவரப்படி மே 1 முதல் வாடகை 1,850 டொலர், புதிய லீசில் கையெழுத்து வைக்க அலுவலகத்துக்கு வரவும்’ என்றிருந்தது. மார்ச் 28இல் இன்னொரு தாள் வந்தது. ‘என்1’ என்று தலைப்பிட்ட அந்தப் படிவத்தில் யூலை 1 முதல் 1,471.40 டொலர், அதாவது 5.1 வீத உயர்வு என்று இருந்தது. பல்கனித் திருத்தம், நிலக்கீழ் கார் தரிப்பிடம், லொபியைப் புதுப்பித்தது ஆகியவை காரணம் என்கிறார்கள். இதற்கிடையில் கணவர் கீழே போனபோது ‘கடிதம் கிடைத்ததற்கு ஒரு ஒப்பம்’ என்று சொல்லி ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பிரதி கொடுக்கவில்லை.

வாசகி கேட்கிறார்: “புது முதலாளி வந்தால் பழைய லீஸ் செல்லாதுதானே? எங்கள் வாடகை குறைவு, அப்படியென்றால் இது அரசாங்கத்தின் மலிவு வாடகை வீடு மாதிரித்தானே, அதற்கென்று பாதுகாப்பு இல்லையா? பக்கத்து வீட்டுத் தம்பி எல்லோரும் சேர்ந்து வாடகையை நிறுத்துவோம் என்கிறார். என்னுடைய அண்ணா, பிரச்சினைப்படாமல் கேட்டதைக் கட்டு என்கிறார். மகள் தன் கணவரை ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறா. வழக்கு என்று போனால் அதைப் பாதிக்குமோ என்று இரவில் நித்திரையில்லை.”

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். 1,850 டொலர்க் கடிதம்தான் உங்கள் நித்திரையைக் கெடுத்திருக்கிறது. எனக்கு அதைப்பற்றிப் பெரிய கவலை இல்லை, சட்டத்தின் முன் அது நிற்காது. என்னை யோசிக்க வைத்தது, நீங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டுப்போன அந்தக் கையெழுத்து. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்தக் கையெழுத்து

திங்கட்கிழமை காலையிலேயே அலுவலகத்துக்குப் போய், கணவர் கையெழுத்து வைத்த தாளின் பிரதியைக் கேளுங்கள். வாயால் கேட்பதோடு மின்னஞ்சலும் அனுப்புங்கள், கேட்டதற்கு அதுதான் சாட்சி. அந்தத் தாள் நான்கு வகையில் ஒன்றாக இருக்கலாம்.

உண்மையிலேயே கடிதம் கிடைத்ததற்கான ஒப்பம் என்றால் பாதிப்பில்லை. கிடைத்தது என்பது வேறு, சம்மதித்தேன் என்பது வேறு. 1,850 டொலருக்கான புதிய லீஸ் என்றாலும் பதற வேண்டாம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம், தனக்கு முரணான ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று தெளிவாகவே சொல்கிறது. அதே வீட்டில் தொடர்ந்து இருக்கும் அதே ஆளிடம், சட்டம் அனுமதிக்காத தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டதால் அந்தத் தொகை சட்டபூர்வமாகிவிடாது. மூன்றாவது, ‘என்10’. திருத்த வேலைக்காகவோ புதிய சேவைக்காகவோ மாகாண அரசு வருடாவருடம் அறிவிக்கும் வழிகாட்டி வீதத்துக்கு மேல் ஆகக்கூடியது 3 வீதம் வாடகையைக் கூட்ட இரு பகுதியும் சம்மதிக்கும் படிவம் அது. கையெழுத்து வைத்தவர் ஐந்து நாட்களுக்குள் எழுத்தில் விலகிக்கொள்ளலாம்.

நான்காவதுதான் நான் பயப்படுவது: ‘என்11’. வாடகை உறவை முடித்துக்கொள்ள இரு பகுதியும் சம்மதிக்கும் படிவம். அது கையில் இருந்தால், முதலாளி உங்களுக்கு முன்னறிவித்தல் இல்லாமலேயே வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் வாடகைச் சபைக்குப் (இனிச் ‘சபை’) போய் வெளியேற்ற உத்தரவு எடுக்கலாம். அப்படி ஓர் உத்தரவு வந்தால், அது பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் அதை நீக்கும்படி மனுப்போட வேண்டும். இந்தக் காரணத்துக்காகத் தபால்பெட்டியை இனி ஒவ்வொரு நாளும் பாருங்கள். கணவருக்கு அது என்ன தாளென்று விளங்கப்படுத்தவில்லை, வேறொன்று என்று சொல்லி வாங்கினார்கள் என்பதையெல்லாம் இன்றைக்கே திகதி, நேரம், யார் இருந்தார்கள் என்பதோடு எழுதிவையுங்கள். பிறகு நினைவிலிருந்து சொல்வதைவிட அன்றைக்கே எழுதியதற்குச் சபையில் பெறுமதி கூட. கணவரை ஏச வேண்டாம். இருபது வருடம் இந்தத் துறையில் இருக்கிறேன், படித்தவர்களும் லொபியில் நின்றபடியே கையெழுத்து வைத்துவிட்டு வந்து அழுதிருக்கிறார்கள்.

1,850 டொலர்க் கடிதம்

புது முதலாளி வந்தால் பழைய லீஸ் செல்லாது என்று எங்கள் ஆட்களில் அநேகமானோர் நம்புகிறார்கள். அது பிழை. கட்டடத்தை வாங்குகிறவர் அதில் குடியிருப்பவர்களையும், அவர்களுடைய வாடகையோடும் உரிமைகளோடும் சேர்த்தே வாங்குகிறார். லீசின் காலம் முடிந்துவிட்டதே என்பீர்கள். 2009இலோ எப்போதோ முடிந்திருக்கும். அன்றிலிருந்து அது மாதத்துக்கு மாதம், அதே நிபந்தனைகளில், தானாகவே தொடர்கிறது. புதிதாகக் கையெழுத்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அந்தக் கடிதத்தில் மாத்திரம் நான்கு பிழைகள். வாடகை உயர்வை அதற்கென்று சபை வகுத்த ‘என்1’ போன்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும், இது வெறும் கடிதம். 90 நாள் முன்னதாகத் தர வேண்டும், மார்ச் 1இலிருந்து மே 1க்கு 61 நாள்தான். முந்தைய உயர்வுக்குப் பிறகு 12 மாதம் போயிருக்க வேண்டும், உங்களுக்கு மே மாதத்தில் பத்து மாதம்தான் ஆகிறது. கடைசியாகத் தொகை. மாகாண அரசு ஒவ்வொரு வருடமும் ஒரு வழிகாட்டி வீதத்தை அறிவிக்கும். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அது 2.5 வீதத்தைத் தாண்ட முடியாது. 2023, 2024, 2025இல் 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். உங்களிடம் கேட்பது 32 வீதத்துக்கும் மேல், வருடத்துக்கு 5,400 டொலர்.

மே மாதத்தில் ஒரு தரம், யூலையில் இன்னொரு தரம் என்று 12 மாதத்துக்குள் இரண்டு உயர்வு செய்யவும் முடியாது. அவர்களுடைய இரண்டாவது தாளே முதலாவது தாளைப் பொய்யாக்குகிறது. சட்டம் தெரியாமல் அந்த முதல் கடிதத்தை எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நூறு கதவுக்குக் கீழே போட்டால் பத்துப்பேராவது பயந்து கையெழுத்து வைப்பார்கள், இரண்டு பேராவது வீட்டை விட்டுப் போவார்கள் என்ற கணக்கு அது. ஒன்ராறியோவில் வீடு வெறுமையானதும் அடுத்த குடியிருப்பாளரிடம் எவ்வளவு வாடகையும் கேட்கலாம். பதினெட்டு வருடமாக இருக்கும் நீங்கள் வெளியேறினால் அவர்களுக்கு எவ்வளவு லாபம் என்பதை மறக்க வேண்டாம்.

பதிலை மகளைக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவியுங்கள். நீளம் தேவையில்லை: “உங்கள் மார்ச் 1 கடிதம் சட்டப்படியான வாடகை உயர்வு அறிவித்தல் அல்ல. எங்கள் வாடகை உறவு ஏற்கெனவே உள்ள நிபந்தனைகளில் தொடர்கிறது. மே, யூன் மாதங்களுக்கு 1,400 டொலர் கட்டுவோம். இனி எங்களோடு எழுத்திலேயே தொடர்புகொள்ளவும்.” அவ்வளவு போதும். கோபமான வசனம் ஒன்றும் சேர்க்க வேண்டாம், அந்தக் கடிதம் ஒருநாள் சபையில் வாசிக்கப்படலாம்.

வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் மே 1க்கு முன்பே அந்த அனுமதியை எழுத்தில் நிறுத்திவிட்டு வேறு வழியில் கட்டுங்கள். தானாக எடுக்கும் ஒழுங்கையோ முன்திகதியிட்ட காசோலைகளையோ முதலாளி கட்டாயப்படுத்த முடியாது. அனுமதிக்காத தொகையை எடுத்துவிட்டால் 90 நாட்களுக்குள் வங்கியில் முறையிட்டுத் திரும்பப் பெறலாம்.

5.1 வீத உயர்வு

இரண்டாவது தாள் வேறு சங்கதி. படிவம் சரி, 95 நாள் இருக்கிறது, 12 மாதமும் ஆகிவிடும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் அந்த 5.1ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 2.1 வீதம் வழிகாட்டி உயர்வு. அது 29.40 டொலர். யூலை 1இலிருந்து 1,429.40 கட்டத்தான் வேண்டும். மிச்சம் 3 வீதம், 42 டொலர், சபையின் அனுமதி தேவைப்படுகிற மேலதிக உயர்வு. பெரிய மூலதனச் செலவு செய்தேன் என்று முதலாளி விண்ணப்பித்து, கணக்குக் காட்டி, உத்தரவு பெற வேண்டும். அப்படிப்பட்ட செலவுக்கு ஒரு வருடத்துக்கு 3 வீதம், மூன்று வருடத்துக்கும் சேர்த்து 9 வீதம் என்பதுதான் உச்சம்.

உத்தரவு வரும்வரை அந்த 42 டொலரை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் முழுத்தொகையையும் கட்டுகிறவர்கள் மிகப் பலர். ஆனால் செலவழித்துவிடவும் வேண்டாம். தனியாக ஒரு கணக்கில் மாதாமாதம் போட்டுவாருங்கள். ஒரு வருடம் கழித்துச் சபை முழுவதையும் அனுமதித்தால் 504 டொலர் பாக்கி நிற்கும், அன்றைக்குக் கை நடுங்காமல் கட்டலாம். சபை குறைத்தால் அந்தக் காசு உங்களுடையது.

குறைக்க வைப்பது எப்படி? விண்ணப்பம் உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் சபையிடம் உறுதிசெய்யுங்கள். உயர்வு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே அது பதிவாகியிருக்க வேண்டும். பிறகு பற்றுச்சீட்டுகளைப் பாருங்கள், அவற்றைப் பார்க்கும் உரிமை குடியிருப்பாளர்களுக்கு உண்டு. வேலை முடிந்த திகதி முக்கியம். அந்த 90 நாளுக்கு முந்திய 18 மாதத்துக்குள் முடிந்த வேலைகள்தான் கணக்கில் வரும், முந்தைய முதலாளி எப்போதோ செய்ததை இப்போது நுழைக்க முடியாது. பல்கனியும் கார் தரிப்பிடமும் கட்டமைப்பு வேலை, அவை பெரும்பாலும் ஏற்கப்படும். அதை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. லொபி வேறு. பழுதில்லாத தரையைக் கிளப்பிவிட்டுப் பளிங்கு போட்டதும் அலங்கார விளக்குத் தொங்கவிட்டதும் அழகுவேலை. பழைய தரைக்குப் பெரிய திருத்தம் தேவைப்படவில்லை என்று காட்ட முடிந்தால் அந்தச் செலவு கணக்கிலிருந்து நீக்கப்படும். நீங்கள் யாராவது பிறந்தநாளுக்கோ பள்ளிக்கூடத்தின் முதல் நாளுக்கோ லொபியில் நின்று எடுத்த பழைய படங்கள் இருக்கும். தேடி எடுங்கள். தரை எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

லிஃப்ட் மாதத்தில் இரண்டு மூன்று தரம் நிற்கிறது, கணவர் ஒன்பது மாடி ஏறியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 311க்கு அழைத்து முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துவையுங்கள். ரொறன்ரோவில் மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடங்களை ‘ரென்ட்சேஃப்ரிஓ’ திட்டத்தின் கீழ் நகரசபை பரிசோதிக்கும். லிஃப்ட் தொடர்பாக நிறைவேற்றாத உத்தரவுகள், பாரதூரமான பராமரிப்புக் குறைகள் இருந்தால், மேலதிக உயர்வைத் தள்ளுபடி செய்யவும் வேலை முடியும்வரை நிறுத்திவைக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. பராமரிப்புக்கென்று ‘ரி6’ படிவத்தில் தனியாகவும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு விடயம் எங்கள் ஆட்கள் யாரும் கேட்பதே இல்லை. அந்த மேலதிக உயர்வு ஆயுளுக்கும் அல்ல. செய்த வேலையின் பயன்காலம் முடிந்ததும், அதே வீட்டில் இருக்கும் குடியிருப்பாளருக்கு அந்த அளவு வாடகையைக் குறைக்க வேண்டும். உத்தரவில் திகதி இருக்கும். அந்த உத்தரவைப் பத்திரப்படுத்துங்கள்.

நிறுத்துவதா, கேட்டதைக் கட்டுவதா

பக்கத்து வீட்டுத் தம்பியின் மனது எனக்கு விளங்குகிறது. 2017இல் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வாடகையை நிறுத்தினார்கள், முதலாளி இறங்கி வந்தார். அது உண்மை. ஆனால் அவர்கள் மாதக்கணக்காகக் கதவு கதவாகப் போய் ஒழுங்குபடுத்தி, சட்ட உதவியோடு இறங்கியவர்கள். இரண்டு மூன்று வீடு மட்டும் நிறுத்தினால் நடப்பது வேறு. வாடகைப் பாக்கிக்கான ‘என்4’ அறிவித்தல் வரும், சில நாள் தவணை, பிறகு வெளியேற்ற விண்ணப்பம். வாடகை கட்டாததுதான் முதலாளிக்கு மிகச் சுலபமான வழக்கு. அவர் எதிர்பார்ப்பதும் அதையே. சட்டப்படியான வாடகையை, சட்டப்படியான நாளில், பற்றுச்சீட்டோடு கட்டிக்கொண்டே எதிர்த்து நில்லுங்கள்.

அண்ணாவின் யோசனைக்கும் விலை உண்டு. முறையான அறிவித்தல் இல்லாத உயர்வைத் தொடர்ந்து 12 மாதம் கட்டிவிட்டால், அந்தக் காலத்துக்குள் எதிர்த்து விண்ணப்பிக்காவிட்டால், அந்தக் குறை மன்னிக்கப்பட்டதாகிவிடும். 2020இல் செய்த சட்டத் திருத்தம் அது. சட்டவிரோதமாகக் கூடிய வாடகையும் ஒரு வருடத்துக்குள் கேள்வி கேட்காவிட்டால் சட்டபூர்வமாகிவிடும். ஏற்கெனவே கூடக் கட்டிவிட்ட வாசகர்கள் யாராவது இதை வாசித்தால், திரும்பப் பெற ‘ரி1’ படிவம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்கும் கேட்கலாம்.

மகளின் ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சபைக்குப் போவது பொலிஸ் வழக்கும் இல்லை, குற்றமும் இல்லை. உரிமையைக் கேட்டதற்காகவோ குடியிருப்பாளர் சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ வெளியேற்றப் பார்த்தால், சபை மறுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘சொந்தப் பாவனைக்கு வீடு வேண்டும்’ என்ற காரணத்தை ஒரு நிறுவனம் சொல்லவே முடியாது, மனிதர்தான் சொல்லலாம். பெருந்திருத்தத்துக்காக வெளியேறச் சொல்லி ‘என்13’ தந்தால் 120 நாள் அவகாசம் வேண்டும். ரொறன்ரோவில் 2025 யூலை 31 முதல் நகரசபையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். வேலை முடிந்து பழைய வாடகைக்கே திரும்பிவரும் உரிமையும் உங்களுக்கு உண்டு, போகமுன் அதை எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும்.

‘மலிவு வாடகை வீடு’ என்ற குழப்பம்

உங்கள் வீடு அரசாங்கச் சலுகை வீடு அல்ல. வாடகை குறைவாக இருப்பது, நீங்கள் அங்கேயே பதினெட்டு வருடம் இருந்ததாலும் சட்டம் வருடாந்த உயர்வைக் கட்டுப்படுத்தியதாலும். அது முதலாளி போட்ட பிச்சையும் அல்ல. கடிதத்தில் ‘இவ்வளவு குறைவாகக் கட்டுகிறோம் என்று எங்களுக்கும் ஒரு கூச்சம்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

வருமானத்துக்கேற்ற வாடகை வீடுகளின் விதிகள் வேறு. அங்கே குடும்பத்தின் நிகர வருமானத்தில் 30 வீதம் என்பதுதான் அடிப்படை, வழிகாட்டி வீதம் பொருந்தாது. பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போனதும் வாடகை திடீரென்று ஏறுவது அதனால்தான். அப்படியான வீடுகளில் இருக்கிறவர்கள், முழுநேரம் படிக்கிற பிள்ளையின் வருமானத்தைச் சேர்த்துவிட்டார்களா என்று பாருங்கள், அதைச் சேர்க்கக் கூடாது. அந்தக் கணக்கைப் பற்றி வாடகைச் சபை தீர்மானிக்காது. வாடகை மாற்றத்தை அறிவிக்கும் கடிதத்தில் சொன்ன நாளுக்குள் வீட்டு நிர்வாகத்திடம் மீளாய்வு கேட்க வேண்டும். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புதுக் கட்டடங்களுக்கும் வழிகாட்டி வீதம் இல்லை, 90 நாளும் 12 மாதமும் மட்டும் உண்டு. புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட் வீடுகள் பலவும் இதற்குள் வரும். பேஸ்மென்டில் இருக்கிறவர்கள் அது எப்போது வீடாக்கப்பட்டது என்று விசாரித்துவிட்டே வாதாடுங்கள்.

உங்களுக்கு 59 வயது ஆகிவிட்டதால், நகரசபையின் சலுகை வீட்டுப் பட்டியலில் முதியோர் கட்டடங்களுக்கும் பெயர் பதியலாம். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் இன்றைக்கே பதியச் சொல்கிறேன். இந்த வீட்டை விடுவதற்கான யோசனையாக அதை எடுக்க வேண்டாம்.

நான் இங்கே எழுதியது உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துத்தான், தாள்களை நான் பார்க்கவில்லை. இரண்டு கடிதம், பழைய லீஸ், கிடைத்தால் அந்தக் கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள். போகமுன் உங்கள் மாடியில் எத்தனை வீட்டுக்கு இந்த என்1 வந்தது என்று கதவைத் தட்டிக் கேளுங்கள். மேலதிக உயர்வு விண்ணப்பத்தில் உங்கள் வீட்டோடு மற்ற வீடுகளும் இருக்கும், சேர்ந்து வந்தால் ஒரே சட்டத்தரணி எல்லோருக்காகவும் நிற்கலாம். இப்படியான எதிர்ப்புகளுக்கு நகரசபை குடியிருப்பாளர் குழுக்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.